பழக்கம் காத்த உடல்: பழுகாமத்து வாழ்க்கை பற்றிய ஒரு நோக்கு

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்பது தமிழர் நாவில் நெடுங்காலமாக வழங்கிவரும் மொழி. அச்செல்வத்தைத் தேடும் வழியாது என வினவுவோர் பெரும்பாலும் மருந்துகளின் பெயரையே விடையாக எதிர்பார்க்கின்றனர். திருக்குறளின் 95 ஆவது அதிகாரம் 'மருந்து' எனப் பெயர் பெற்றுள்ளது. ஆயினும் அவ்வதிகாரத்தில் எந்த ஒரு மூலிகையின் பெயரும் இல்லை. முன்னர் உண்டது செரித்தமை அறிந்து உண்ணுதல், அளவறிந்து உண்ணுதல், உடலுக்கு ஒவ்வாதவற்றை விலக்கி உண்ணுதல் என்னும் நாளாந்த ஒழுக்கமே அதன் பெரும்பகுதியிற் பேசப்படுகின்றது. நோயை அறிந்து தீர்க்கும் மருத்துவனின் கடமை இறுதியிலேயே கூறப்படுகின்றது. முதலிற் பழக்கம், பின்னர் மருந்து என்னும் இவ்வைப்புமுறை ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது.

எனினும் பழக்கம் நூலைப் படிப்பதால் மட்டும் தோன்றுவதன்று. நிலமும் நீரும் தொழிலும் ஊரின் வழமையும் கூடியே அதனை ஆக்குகின்றன. அவை மாறும்போது பழக்கமும் மாறுகின்றது. பழக்கம் மாறும்போது நோயும் மாறுகின்றது. இவ்வுண்மையை ஒரு சிற்றூரின் வாழ்க்கையிற் பொருத்திக் காண்பது பயனுடையதாகும். அதற்கு ஏற்ற ஊர்களுள் பழுகாமமும் ஒன்று.

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே கடலை அடுத்துக் கிடக்கும் நிலப்பகுதியை எழுவான்கரை எனவும், வாவிக்கு மேற்கே வயலும் குளமும் மேய்ச்சல் தரையுமாக விரியும் பகுதியைப் படுவான்கரை எனவும் அழைப்பது அப்பிரதேச மக்களின் மரபு. ஞாயிறு எழும் கரை ஒன்று. படும் கரை மற்றொன்று. படுவான்கரையில், போரதீவுப்பற்றில் அமைந்த பழைய ஊர் பழுகாமம். திரௌபதை அம்மன் ஆலயமும் அதன் தீமிதிப்பு விழாவும் இவ்வூருக்குப் புகழ் தந்தவை. எழுவான்கரையின் களுவாஞ்சிகுடிக்குச் செல்வோர் இன்று பட்டிருப்புப் பாலத்தைக் கடந்து செல்வர். வாவிக்கரை ஊர்களின் முன்னைய தலைமுறையினருக்குத் தோணியும் கால்களுமே துணையாயிருந்தன.

இவ்வூரில் எண்பது வயதைக் கடந்த விவசாயி ஒருவரும், ஐம்பதைக் கடந்த அவர்தம் மகனும் அடுத்தடுத்த வளவுகளில் வாழ்கின்றனர். தந்தை இன்றும் வெறுங்காலுடன் நடக்கின்றார். வயற்சேறும் கச்சான் காற்றுக் காலத்துச் சுடுமணலும் பழகிய அவர் பாதங்கள் வெடித்துக் கறுத்திருப்பினும் புண்பட்டனவல்ல. மகனோ, சில ஆண்டுகளுக்கு முன் வலது காலின் பெருவிரலை இழந்தவர். செருப்பின் விளிம்பு உராய்ந்து தோன்றிய சிறு கொப்புளத்தை அவர் உணரவேயில்லை. பல நாட்களின் பின் வீக்கமும் நாற்றமும் கண்ட மனைவி வற்புறுத்தியதனாலேயே வைத்தியசாலைக்குச் சென்றார். நீரிழிவு நோய் தமக்குப் பல ஆண்டுகளாக இருந்துவந்ததென்பதை அன்றுதான் அறிந்தார். விரலை அகற்றிய பின்பே காலைக் காக்க முடிந்தது.

ஒரே வளவிற் பிறந்து, ஒரே கிணற்று நீரைக் குடித்து, ஒரே தாயின் கைச்சோற்றை உண்டு வளர்ந்த இரு உடல்களுக்கு இத்தகைய வேறுபாடு நேர்ந்தது எங்ஙனம்? தந்தை ஒழுக்கமுடையவர், மகன் ஒழுக்கமற்றவர் என்று கூறிவிடுதல் எளிது. ஊரிற் சிலர் அவ்வாறே கூறினர். ஆயின் அவ்விடை நேர்மையானதன்று. இருவர்தம் நாட்களையும் ஒப்புநோக்கினாலன்றி உண்மை புலனாகாது.

தந்தையின் உழைப்புக் காலம் விடிவெள்ளியுடன் தொடங்கியது. முதல்நாட் சோற்றில் நீரூற்றி வைத்த பழஞ்சோறு, எருமைத் தயிர், சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், எஞ்சிய மீன்குழம்பு என்பன அவரது காலையுணவு. அதன்பின் மண்வெட்டியைத் தோளிற் சுமந்து மூன்று கட்டை தூரத்திலிருந்த வயலுக்கு நடப்பார். வரம்பு கட்டுதல், வாய்க்கால் வெட்டுதல், நீர் பாய்ச்சுதல், களை பிடுங்குதல் என வேளாண்மைக் காலத்தின் ஒவ்வொரு வேலையும் முதுகையும் தோளையும் காலையும் கேட்டது. வெள்ளாமை வெட்டும் சூடு மிதித்தலும் முடியும்வரை இரவுகள் வாடியிற் கழிந்தன. உச்சிவெயிலில் மரநிழலிற் சிறிது உறங்கி, பொழுது படும்போது மீண்டும் மூன்று கட்டை நடந்து வீடு சேர்வார். குளித்து, உண்டு, முற்றத்தில் அயலாருடன் சிறிது பேசி, விரைவில் உறங்குவார். அவர் மனைவியின் நாளும் இதனினும் எளியதன்று. நெற்குற்றுதல், விறகு சேர்த்தல், நீர் சுமத்தல், களை பிடுங்கச் செல்லுதல் என்பன அவ்வம்மையாரின் உடற்பயிற்சியாயின. ஆயினும் அதனை உடற்பயிற்சி என்று அவர்கள் அறிந்ததில்லை.

அவ்வில்லத்துச் சோறு பெரும்பாலும் புழுங்கலரிசிச் சோறு. நெல்லை அவித்து உலர்த்தி உரலில் இட்டுக் குற்றும்போது தவிட்டின் ஒரு பகுதி அரிசியுடனேயே தங்கிவிடும். தவிட்டில் உயிர்ச்சத்துகளும் நார்ச்சத்தும் உள்ளன. அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி வகை உயிர்ச்சத்தில் ஒரு பகுதி அரிசியின் உட்புறத்திற் சென்று சேர்வதால், தீட்டிய பின்னும் முற்றாக இழக்கப்படுவதில்லை. இதன் அருமையை உலகம் அறிந்துகொண்ட வரலாறு சுவையானது. 1890 களில் ஒல்லாந்து மருத்துவரான கிறிஸ்ரியான் எய்க்மன் யாவாத் தீவிற் பணியாற்றியபோது, நன்கு தீட்டிய வெள்ளரிசிச் சோற்றையுண்ட கோழிகள் கால்தளர்ந்து நடக்கவியலாது விழுந்தமையையும், தீட்டாத அரிசியைக் கொடுத்தபோது அவை தேறியமையையும் கண்டார். மனிதரை வாட்டிய பெரிபெரி நோயின் காரணம் இவ்வழியே வெளிப்பட்டது. 1929 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. படுவான்கரைப் பெண்கள் இவ்வாராய்ச்சியை அறிந்து நெல்லை அவிக்கவில்லை. அவித்த நெல்லைக் குற்றும்போது அரிசி நொறுங்காது. சோறும் நெடுநேரம் கெடாது என்பதே அவர்கள் கண்ட நயம். நன்மை, அவர்கள் அறியாமலேயே உடன் வந்தது.

கறிகளும் அத்தகையனவே. வேலியோரத்து முருங்கை, வயற்கரைப் பொன்னாங்காணி, ஈரநிலத்து வல்லாரை, வேலியிற் படரும் முசுட்டை, கசப்பு மிகுந்த குறிஞ்சா என்பவற்றைப் பொடியாக அரிந்து தேங்காய்ப்பூவுடன் சேர்த்துச் சுண்டலாக்குவர். மட்டக்களப்பார் சுண்டல் என்பது கடலையையன்று, இவ்விலைக்கறியையே. குறிஞ்சா இலையை மென்றபின் சீனியை நாவிலிட்டால் இனிப்புத் தோன்றாது. சுவையுணரும் நரம்புமுனைகளை அதிலுள்ள சத்தொன்று சிறிதுநேரம் மறைத்துவிடுவதே இதன் காரணம். பரிகாரிமார் அதனை நீரிழிவுக்கு உகந்ததெனக் கூறிவந்தனர். வைத்தியர் தந்த மருந்தைக் கைவிட்டுக் குறிஞ்சாவை மட்டும் நம்புதல் அறிவுடைமையாகாது. ஆயினும் உணவோடு உணவாக இலைக்கறி உண்ணும் வழக்கம் நன்மையானதென்பதில் ஐயமில்லை. வாவி தந்த சிறுமீனும் இறாலும் புரதத்தை வழங்கின. முள்ளோடு மென்று உண்ணப்பட்ட சிறுமீன் சுண்ணச்சத்தையும் வழங்கியது.

இவற்றினும் மேலாக அந்த உடலைக் காத்தது ஓயாத அசைவு. இது பற்றிய அறிவியற் சான்று வயலிலிருந்தன்றி, இலண்டன் மாநகரின் பேருந்துகளிலிருந்து கிடைத்தது. அங்கு இரண்டு தட்டுகள் கொண்ட பேருந்துகளிற் சாரதியும் நடத்துநரும் ஒரே வாகனத்தில், ஒரே நேரத்திற் பணியாற்றினர். ஏறத்தாழ ஒரே வகையான குடும்பங்களிலிருந்து வந்தனர். சாரதி நாள் முழுதும் அமர்ந்திருந்தார். நடத்துநரோ பயணச்சீட்டு வழங்குவதற்காக நாளொன்றுக்கு அறுநூறு படிகள் வரை ஏறி இறங்கினார். ஜெரமி மொறிஸ் என்னும் மருத்துவ அறிஞரும் அவர்தம் துணைவரும் 1953 இல் வெளியிட்ட ஆய்வு, நடத்துநரிடையே மாரடைப்பு சாரதியரைவிடக் கணிசமாகக் குறைந்திருந்ததையும், வந்தவிடத்தும் அதன் கடுமை குறைந்திருந்ததையும் காட்டியது. படிகளில் ஏறிய நடத்துநர் எவரும் தம் இதயத்தைக் காப்பதற்காக ஏறவில்லை. தொழில் ஏறச் செய்தது. வயலுக்கு நடந்த பழுகாமத்துத் தந்தையின் நிலையும் அதுவே.

ஊரின் கூட்டு வாழ்வும் உடல்நலத்திற்குத் துணைபுரிந்தது. மட்டக்களப்புப் பகுதியில் வேளாண்மை முடிந்த ஓய்வுக்காலத்திற் கூத்துப் பழகுதல் வழமை. சட்டங்கொடுத்தலிற் தொடங்கிச் சதங்கையணிதலைக் கடந்து அரங்கேற்றம் காணும்வரை பல மாதங்கள் இரவு தோறும் இளைஞர் ஆடிப் பழகினர். பாரமான உடையணிந்து விடியும்வரை களரியைச் சுற்றி வடமோடி ஆடுவதற்கு வேண்டிய மூச்சும் வலுவும் சிறிதல்ல. ஊர் வடசேரியெனவும் தென்சேரியெனவும் பிரிந்து இழுக்கும் கொம்புமுறி விளையாட்டும் அத்தகையது. தீமிதிப்புக்காக நேர்ந்துகொண்டோர் விரதநாட்களில் மச்சமாமிசத்தையும் மதுவையும் விலக்கி, அளவாக உண்டு, ஆலயச் சூழலிலேயே தங்கினர். நோக்கம் பக்தியே, எனினும் தன் நாவைத் தான் அடக்கவல்லேன் என்னும் உறுதியை ஆண்டுதோறும் ஒருவருக்கு உணர்த்தும் பயிற்சியாகவும் அது அமைந்தது. தனிமையில் ஒருவர் வாடிக்கிடக்க இடமில்லாதவாறு ஊரும் உறவும் சூழ்ந்திருந்தமை மனநலத்திற்கு அரணாயிற்று.

இவற்றைக் கூறுமிடத்து, பழையன யாவும் பொன்னெனப் போற்றும் தவற்றினின்று விலகி நிற்றல் வேண்டும். அக்காலத்து வாழ்வு நலமிக்கதாக இருந்ததெனின், அக்கால மக்கள் நெடிது வாழ்ந்திருத்தல் வேண்டும். உண்மை அவ்வாறன்று. 1946 ஆம் ஆண்டளவில் இலங்கையரின் சராசரி ஆயுள் எதிர்பார்ப்பு ஏறத்தாழ 43 ஆண்டுகளே. இன்று அது 75 ஐக் கடந்துள்ளது. மலேரியா உலர்வலயத்து ஊர்களைத் தலைமுறை தலைமுறையாக வாட்டியது. பேற்றின்போது தாயும், முதலாண்டினுட் குழவியும் இறத்தல் அன்றாட நிகழ்ச்சியாயிருந்தது. அம்மைநோய் வந்தபோது கண்ணகையம்மனைக் குளிர்விக்கும் சடங்கே மக்களுக்கு எஞ்சிய ஆறுதல். பெரியம்மையை உலகினின்று ஒழித்தது தடுப்பூசி; 1980 இல் உலக சுகாதார நிறுவனம் அதனைப் பிரகடனஞ் செய்தது. தூய நீர், மலகூடம், தடுப்பூசி, மருத்துவமாது, இலவச வைத்தியம் ஆகியவை தந்த ஆயுளைப் பழஞ்சோறு தந்ததாகக் கொள்ளுதல் பொருந்தாது.

மேலும், தந்தையின் பழக்கங்களிலும் தீயன இருந்தன. வெற்றிலை வட்டாவை நீட்டி வரவேற்றல் மட்டக்களப்பு விருந்தோம்பலின் முதற்படி. அவ்வட்டாவிற் புகையிலையும் பாக்கும் இருந்தன. வெற்றிலையுடன் புகையிலை சேர்த்து மெல்லுதல் வாய்ப்புற்றுநோயை விளைவிக்கும் என்பதைப் புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச நிறுவனம் 1985 இல் உறுதிசெய்தது. புகையிலையின்றியும் பாக்கே தீங்கானதென்பது 2003 இல் அந்நிறுவனம் கூட்டிய அறிஞர் குழுவின் முடிவாயிற்று. தந்தையின் உடன்பிறந்தார் ஒருவர் இந்நோயாலேயே வாய்திறக்க முடியாது வருந்தி இறந்தார். கருவாட்டின் உப்பு குருதியமுக்கத்தை உயர்த்தியது. கசிப்புப் பல குடும்பங்களின் வயலையும் அமைதியையும் விழுங்கியது. வெறுங்காலுடன் சேற்றில் இறங்கியோருட் பலர் எலிக்காய்ச்சலுக்கு இரையாயினர். 2008 இல் இலங்கையில் 7,000 இற்கு மேற்பட்டோர் அந்நோய்க்கு ஆளானதாக அறிவிக்கப்பட்டது. ஆகவே பழக்கம் என்பதனாலேயே ஒன்று நன்மையாகிவிடாது. ஊர் தன் வாழ்க்கைமுறையால் நன்மையையும் தீமையையும் ஒன்றாகக் கட்டித் தன் மக்களின் கையிற் கொடுத்தது. அவர்கள் பிரித்துப் பாராது ஏற்றனர்.

இனி மகனது நாளை நோக்குதல் தகும். அவர் சிறுவனாயிருந்தபோது, 1978 நவம்பரில், மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளி தென்னைகளையும் கூரைகளையும் வீழ்த்தியது. இளைஞரானபோது போர் சூழ்ந்தது. 1990 இலும் 2007 இலும் படுவான்கரை மக்கள் பெருந்தொகையினராக இடம்பெயர்ந்தனர். முகாமில் நிவாரணமாகக் கிடைத்த அரிசி, கோதுமைமா, சீனி, பருப்பு என்பவற்றைக் கொண்டே குடும்பங்கள் மாதக்கணக்கில் உயிர்வாழ்ந்தன. முருங்கையும் பொன்னாங்காணியும் முகாமின் முட்கம்பி வேலியில் வளர்வனவல்ல. தாயின் வயிற்றிலும் இளமையிலும் பட்டினியை அறிந்த உடல், பிற்காலத்தில் உணவு மிகுந்தபோது நீரிழிவுக்கும் இதயநோய்க்கும் எளிதில் ஆளாகும் என்பதை அறிஞர் கூறுவர். 1944-45 குளிர்காலத்து ஒல்லாந்துப் பஞ்சத்தின்போது கருவிலிருந்தோரைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து நோக்கியோர் கண்ட முடிவுகளுள் இதுவும் ஒன்று. போர் உடலில் விட்டுச்சென்ற தழும்புகள் யாவும் கண்ணுக்குப் புலனாவனவல்ல.

போர் 2009 இல் முடிந்தபின் வீதி செப்பனிடப்பட்டது. மின்சாரமும் உழவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் பரவின. மகன் வயலைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு வீதியோரத்திற் சிறு கடையொன்றை வைத்தார். வயலை எட்டிப் பார்ப்பதற்கு மோட்டார்ச் சைக்கிள் இருந்தது. முன்னர் நடந்த மூன்று கட்டையும் இப்பொழுது சில நிமிடம். நெல் ஆலைக்குச் சென்று வெள்ளரிசியாகத் திரும்பியது. கடைக்கு வருவோருடன் உரையாடும்போதெல்லாம் தேநீர் பரிமாறப்பட்டது. காலையில் வயலில் இறங்கியவர்க்கு ஒரு கோப்பைத் தேநீரும் உள்ளங்கையிற் சிறிது சீனியும் தெம்பாயிருந்தன. கடையில் அமர்ந்தவர்க்கோ நாளொன்றுக்கு ஐந்தாறு கோப்பையாயின. கோப்பைக்கு இரு கரண்டி வீதம் ஐந்து கோப்பைக்குப் பத்துக் கரண்டி. அதாவது ஏறத்தாழ 40 முதல் 50 கிராம் வரை. 2015 இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறிவுரையின்படி, வளர்ந்த ஒருவர் நாள் முழுதும் சேர்த்துக்கொள்ளும் சீனி 50 கிராமைத் தாண்டலாகாது. 25 கிராமுக்குக் குறைத்தல் இன்னும் நன்று. தேநீர் ஒன்றினாலேயே எல்லை எட்டப்பட்டுவிட்டது. பனிசும் பிஸ்கற்றும் இனிப்புப் பானமும் அதற்கு மேலதிகம்.

இதில் வியப்புக்குரியது ஒன்றுண்டு. தந்தை கோப்பையிற் குவித்து உண்ட சோற்றின் அளவையே மகனும் உண்டார். ஒரு வேளாண்மைக் குடும்பத்திற் சோற்றைக் குறைத்தல் வறுமையின் அறிகுறி. மறுத்தல் தாயை அவமதித்தல். தந்தையின் சோறு வரம்பிற் கரைந்தது. மகனின் சோறு கரைவதற்கு வரம்பில்லை. மகன் புதிதாக எத்தீமையையும் தேடிச் செல்லவில்லை. தந்தையின் வயிற்றுப் பழக்கத்தை வைத்துக்கொண்டு தந்தையின் கால் பழக்கத்தை மட்டும் இழந்தார். இழந்ததும் அவர் விருப்பினாலன்று. நாட்டின் போக்கு அவ்வாறு அமைந்தது. நெற்குற்றும் உலக்கையைப் பெண்கள் கைவிட்டதை எவரும் குறைகூறார். அந்த உழைப்பினின்று அவர்கள் விடுதலை பெற்றமை நன்றே.

இவ்வாறு நேர்ந்தது ஒரு வளவில் மட்டுமன்று. 2005-2006 இல் நடைபெற்ற நாடளாவிய ஆய்வொன்று, இலங்கையில் வயதுவந்தோரில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு நீரிழிவு இருந்ததைக் காட்டியது. பின்வந்த ஆய்வுகளில் அது ஐவரில் ஒருவர் என்னும் அளவையும் மிஞ்சியது. நாட்டில் நிகழும் இறப்புகளில் ஏறத்தாழ ஐந்தில் நான்குக்கு இதயநோய், நீரிழிவு, புற்றுநோய் போன்ற தொற்றா நோய்களே காரணமென உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. தெற்காசிய மக்கள் மெலிந்த தோற்றமுடையோராயினும் நீரிழிவுக்கு ஆளாகக்கூடியவர் என்பதும் அறியப்பட்டுள்ளது. தொந்தியில்லை, ஆகையால் நோயில்லை என்னும் ஊரார் நம்பிக்கை ஆபத்தானது. மகனும் அவ்வாறே நம்பியிருந்தார்.

பழக்கம் என்பது யாது என்பதற்கு இவ்விருவரின் வாழ்வே விளக்கமாகின்றது. பழக்கம், ஓர் ஊர் தன் மக்களுக்காக முன்கூட்டியே எடுத்துவைத்த முடிவு. தந்தை நலமாக வாழவேண்டுமென ஒருநாளும் முடிவுசெய்ததில்லை. நடக்கவேண்டுமென வயலின் தூரம் முடிவுசெய்தது. இலைக்கறி உண்ணவேண்டுமென வேலி முடிவுசெய்தது. விரைந்து உறங்கவேண்டுமென இருள் முடிவுசெய்தது. மகனுக்கு அவ்வாறு முடிவுசெய்வார் எவருமில்லை. ஒவ்வொரு கோப்பைத் தேநீருக்கும் ஒவ்வொரு கட்டை தூரத்துக்கும் அவர் தாமே முடிவெடுக்க வேண்டியவராகின்றார். அது மிகக் கடினமான செயல். அதனைச் சோம்பல் என்றும் ஒழுக்கக்கேடு என்றும் பழித்தல், சுமையைக் கண்டும் காணாதார் செய்கையாகும்.

ஆகவே இன்று வேண்டுவது பழைமைக்குத் திரும்புதலன்று. முன்பு அறியாமற் செய்தவற்றை இன்று அறிந்து செய்தலாகும். விரலை இழந்தபின் மகன் கற்றுக்கொண்டவை இதற்குச் சான்று. தேநீரிற் சீனியைத் திடீரென விடாது வாரந்தோறும் சிறிது சிறிதாகக் குறைத்தார். சில மாதங்களில் நாக்குப் பழகிவிட்டது. இப்போது இனிப்புத் தேநீர் அவருக்குத் திகட்டுகின்றது. தட்டிலே முதலில் இலைக்கறியும் காய்கறியும், பின்னர் மீன், எஞ்சிய இடத்திலேயே சோறு என முறையை மாற்றினார். தவிடு நீக்காத சிவப்புப் புழுங்கலரிசி மீண்டும் அவ்வீட்டுக்கு வந்தது. ஆயினும் அரிசி எதுவாயினும் அளவே முதன்மையானது என்பதை அவர் அறிவார். உப்பு நாளொன்றுக்கு 5 கிராம், அஃதாவது ஒரு தேக்கரண்டி அளவைத் தாண்டலாகாது என்பதால் கருவாடு விருந்துநாளுக்கு மட்டும் உரியதாயிற்று. வாரத்தில் 150 நிமிட மிதமான உடலுழைப்பு என்னும் உலக அளவை அவர் இலக்கமாக நினைவுகூர்வதில்லை. மாலையிற் கடையை அடைத்தபின் வாவிக்கரைவரை நடந்து திரும்புவது அவ்வளவை நிறைவுசெய்கின்றது.

எல்லாவற்றினும் இன்றியமையாதது கால்களைப் பற்றிய கவனம். நீரிழிவு நெடுங்காலம் கட்டுப்படாதிருப்பின் பாதத்து நரம்புகள் உணர்விழக்கும், குருதியோட்டமும் குறையும். முள் குத்தினும் தெரியாது. தெரியாத புண் ஆறாது. ஆதலால் இரவுதோறும் பாதத்தின் அடியையும் விரலிடுக்குகளையும் கண்ணாற் பார்த்தல், கண் தெரியாதோர் பிறரைக் கொண்டு பார்த்தல், கழுவி ஈரந்துடைத்தல், பொருத்தமான பாதணியின்றி முற்றத்திலும் இறங்காதிருத்தல் என்பன மருந்துக்கு நிகரானவை. தந்தைக்கு நலமாயிருந்த வெறுங்கால் மகனுக்கு ஆபத்தாயிற்று. ஒருவருக்குப் பொருந்திய பழக்கம் மற்றொருவருக்குப் பொருந்தாமையும் உண்டு.

தனியொருவரின் உறுதி மட்டும் நெடுநாள் நிலைக்காது. முன்பு ஊர் செய்ததை மீண்டும் ஊரே செய்தல் வேண்டும். சுகாதார அமைச்சு 2011 முதல் நிறுவிவரும் சுகவாழ்வு நிலையங்களில் நோயில்லாதோரும் சென்று குருதியமுக்கத்தையும் சீனியின் அளவையும் இலவசமாக அறிந்துகொள்ளலாம். ஆயினும் நோய் வந்தபின்னரே வைத்தியசாலையை நாடும் வழக்கம், சிறப்பாக ஆண்களிடம், நீங்கவில்லை. நேர்த்திக்கடனை மறவாத ஊர் ஆண்டுக்கொரு பரிசோதனையையும் மறவாததாக ஆதல் கூடும். விதைப்புக்கு முன் சுகாதார உத்தியோகத்தரிடம் எலிக்காய்ச்சற் தடுப்பு மருந்து பற்றிக் கேட்டறிதலை விவசாய அமைப்புகள் தம் கூட்டங்களிலேயே நினைவூட்டலாம். 2016 முதல் இனிப்புப் பானப் போத்தல்களிற் சீனியின் அளவைக் காட்டும் வண்ணக் குறி இடப்படுகின்றது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேற்படின் சிவப்பு, 2 கிராமுக்குக் குறைவெனிற் பச்சை. அக்குறியை வாசிக்கப் பாடசாலைப் பிள்ளை கற்றால் வீடு முழுதும் கற்றதாகும். விருந்தினரை வட்டா நீட்டி வரவேற்கும் பண்பு நிலைக்கட்டும். அதிலிருக்கும் புகையிலையும் பாக்கும் விலகட்டும். சீனியில்லாத தேநீரைக் கேட்பவரை நோயாளியென நோக்காத பண்பும் விருந்தோம்பலிற் சேர்தல் வேண்டும்.

தொடர்ந்து பேணப்படாத பழக்கம் என்னாகும் என்பதற்கு இந்நாட்டு மலேரியாவின் வரலாறே சான்று. நுளம்பொழிப்பு முயற்சியால் 1963 இல் 17 பேருக்கு மட்டுமே அந்நோய் காணப்பட்டது. வெற்றி கிட்டியதென எண்ணி விழிப்புத் தளர்ந்தது. 1969 இல் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைக் கடந்தது. மீண்டும் பல பத்தாண்டுகள் முயன்ற பின்னரே, 2016 இல் இலங்கை மலேரியா அற்ற நாடெனச் சான்று பெற்றது. நாட்டின் நலமாயினும் ஓர் உடலின் நலமாயினும் ஒருமுறை ஈட்டிப் பெட்டியிற் பூட்டிவைக்கத்தக்க பொருளன்று.

பழுகாமத்தில் மாலைப்பொழுதுகளில் இன்று ஒரு காட்சியைக் காணலாம். வாவியை நோக்கிச் செல்லும் ஒழுங்கையில் மகன் பாதணி அணிந்து சற்றே நொண்டியவாறு முன்னே நடப்பார். தந்தை பின்னே வெறுங்காலுடன் வருவார். வெற்றிலையை அவர் இன்னும் விடவில்லை; புகையிலையை மட்டும், தம்பியை நினைத்து, விட்டுவிட்டார். ஒருநாள், வெறுங்காலுடன் நடப்பதேன் என்று மகன் கடிந்துகொண்டபோது தந்தை கூறிய விடை சுருக்கமானது: "என்ட காலுக்கு ஒண்டும் இல்ல மனே, நீ உன்ட காலப் பாரு." வீடு திரும்பியதும் மகன் திண்ணையில் அமர்ந்து காலைக் கழுவித் துடைக்கின்றார். பேரப்பிள்ளை கைவிளக்கைப் பிடித்து ஒவ்வொரு விரலிடுக்காகப் பார்த்துச் சொல்கின்றது. பல்விளக்குவதைப் போலவே அதுவும் அவ்வீட்டில் நாள்தோறும் நிகழும் ஒரு வேலையாகிவிட்டது.